இரண்டு குரல், ஒரு பாட்டு: மெலடி டூயட் பாடுவது பற்றி காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கல்யாணமோ மணிவிழாவோ நடந்தால் மாலையில் மெல்லிசைக் கச்சேரி வைப்பது வழக்கம். நன்றாகப் பெயர் எடுத்த பாடகர் ஒருவரையும் பாடகி ஒருவரையும் அழைத்து, மெதுவான காதல் டூயட் ஒன்றாவது பாடச் சொல்வார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இப்போது ஆங்கில பாலட் டூயட்டும் கேட்கிறார்கள். இந்தக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசித்து, பாட்டுகளைப் பாடுபவர்களுக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பது என் வேலை. விசேஷ வீட்டுக்காரர்களும் பாடுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பாப் பாலட் டூயட் என்றால் எப்படிப்பட்ட பாட்டு?

நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை போகும் மெதுவான பாட்டு. பெரும்பாலும் பியானோவோ கிட்டாரோ மட்டும் வைத்து அடக்கமாக ஆரம்பிக்கும். முதல் பத்தியை ஒருவர் பாடுவார், இரண்டாவதை மற்றவர் எடுப்பார், பல்லவி மாதிரி திரும்பி வரும் பகுதியில் இருவரும் சேர்வார்கள். டிரம்ஸும் வயலின்களும் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, கடைசியில் முழு உயரத்துக்குப் போய் மறுபடி அடங்கும்.

நம் சினிமா மெலடி டூயட்டின் கட்டுமானம் வேறு. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று போகும். இரண்டு குரல்கள் ஒன்றாகப் பாடும் இடம் குறைவு, மாறி மாறிப் பாடுவதுதான் அதிகம். நம்மவர்கள் ஆங்கில பாலட் பாடும்போது தடுமாறுவது அந்தச் சேர்ந்து பாடும் இடத்தில்தான்.

ஏற்கெனவே பெயர் பெற்ற இருவரைச் சேர்த்தால் பாட்டு தானாக எடுபடுமா?

எடுபடாது. இருவருக்கும் தனித்தனியே ரசிகர்கள் இருப்பதால் முதல் முறை கேட்க ஆள் வரும். இரண்டாவது முறை கேட்க வைப்பது, யார் எங்கே விட்டுக்கொடுத்தார் என்பதுதான்.

1981இல் டயானா ராஸும் லயனல் ரிச்சியும் பாடிய 'என்ட்லெஸ் லவ்' அமெரிக்கத் தரவரிசையில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்போது இருவருமே பெரிய ஆட்கள். பாட்டை எழுதியவரே ரிச்சிதான். ஆனாலும் கேட்டுப் பாருங்கள், ஒருவர் வரி முடிகிற இடத்தில் மற்றவர் மெல்ல ஒட்டிக்கொள்கிறார். யாரும் யாரையும் மூடவில்லை. 1994இல் அதே பாட்டை லூதர் வாண்ட்ராஸும் மரியா கேரியும் மறுபடி பாடினார்கள். அவர்கள் குரல்வளம் இன்னும் விரிவானது, அதுவும் இரண்டாம் இடம் வரை போனது. எனக்கு முதல் பதிவுதான் பிடிக்கும். அதில் இருவர் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

1982இல் ஜோ காக்கரும் ஜெனிஃபர் வார்ன்ஸும் பாடிய 'அப் வேர் வி பிலாங்' இதற்கு நேர் எதிரான பாடம். காக்கரின் குரல் கரகரப்பு, வார்ன்ஸின் குரல் தெளிவு. இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்று தோன்றும். அந்த வித்தியாசம்தான் பாட்டையே தூக்கி நிறுத்தியது, ஆஸ்கரும் வாங்கிக் கொடுத்தது. ஜோடி தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே மாதிரி குரல்களைத் தேடாதீர்கள். ஒருவர் பாடும்போது மற்றவர் காது கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். காரைக்குடி வீணைச் சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போல மடியில் கிடத்தி வாசிப்பார். பிடித்த விதமே வேறு. ஆனாலும் ஜோடிக் கச்சேரி என்றதும் இன்றைக்கும் அவர்கள் பெயர் வருகிறது. நம் ஊர் பெயரோடு சேர்ந்தே வருகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பாடுகிற இருவருக்கும் சுருதி ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இது. பாதி டூயட்கள் மேடையில் கெடுவதும் இதனால்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டைக் கணக்கில் பார்ப்போம். கட்டை என்பது ஒருவர் தன் ஸ-வை வைத்துக்கொள்ளும் உயரம், எண் கூடினால் உயரமும் கூடும். பொதுவாக ஆண்கள் 1 முதல் 2 கட்டையில் வசதியாகப் பாடுவார்கள், பெண்கள் 5 முதல் 6 கட்டையில். நம் பாடகருக்கு 1½, பாடகிக்கு 5½ என்று வைத்துக்கொண்டால் இடையில் ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. முழு ஸ்தாயி தூரம், அதாவது கீழ் ஸ-வுக்கும் மேல் ஸ-வுக்கும் உள்ள தூரம், இருந்தால் பிரச்சினையே இல்லை. அவர் கீழேயும் இவர் மேலேயும் ஒரே சுருதியில் பாடிவிடலாம். ஒரே இடத்தில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. இது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதால்தான் சிக்கல்.

1½ கட்டையிலேயே வைத்தால், பாடகி அவர் பாடும் அதே உயரத்தில் பாடும்போது குரல் அடியில் போய் அமுங்கிவிடும். ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடினால் உச்சியில் கத்தலாகிவிடும். 5½ கட்டையில் வைத்தால் அந்தக் கஷ்டம் முழுக்கப் பாடகர் தலையில் விழும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, நடுவில் 3 அல்லது 4 கட்டையில் நிறுத்துவது. ஆணுக்குக் கொஞ்சம் உயரம், பெண்ணுக்குக் கொஞ்சம் தாழ்வு, இருவரும் ஒரே உயரத்தில் பாடுவார்கள். ஆண் குரலுக்கு உயரத்தில் ஒரு துடிப்பு வரும், பெண் குரலுக்குத் தாழ்வில் ஒரு கனிவு வரும். காதல் பாட்டுக்கு இரண்டுமே நல்லது. ஆனால் பாடகருக்கு மேல்பஞ்சமம் வரை அலுங்காமல் போகத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, பாட்டின் நடுவிலேயே சுருதியை மாற்றுவது. மேற்கத்திய பாலட்களில் இது சர்வ சாதாரணம். ஆலன் மென்கன் இசையமைத்து 1992இல் வந்த 'அலாவுதீன்' கார்ட்டூன் படத்தில் 'எ ஹோல் நியூ வேர்ல்ட்' என்ற டூயட் உண்டு. நம் கணக்கில் 2 கட்டையில் தொடங்கி நடுவில் 4 கட்டைக்குப் போகும். கேட்கிறவருக்குக் கதை இன்னும் மேலே பறக்கிற மாதிரி இருக்கும், பாடுகிற பெண்ணுக்கும் அவருடைய இடம் கிடைத்துவிடும். பீபோ பிரைசனும் ரெஜினா பெல்லும் பாடிய அதன் பாப் வடிவம் 1993இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

சுருதி மாற்றும்போது குழு கவனிக்க வேண்டியது ஒன்றுதான். புதுச் சுருதியின் பஞ்சமத்தில், அதாவது ப-வில், ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு, chord) ஒரு சுற்று முழுக்க வாசியுங்கள். பாடகியின் காதில் புது ஸ தானாக வந்து உட்காரும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பாட்டின் நடுவே அமுக்கி ஏற்றுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. விரல் ஒரு தரம் கூடுதலாகப் பட்டால் கிட்டார் ஒரு சுருதி, கீபோர்டு ஒரு சுருதி என்று ஆகிவிடும்.

கரோக்கி டிராக் வைத்துப் பாடுகிறவர்கள் அரை அரைக் கட்டையாக இரண்டு படி வரை ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் போனால் டிரம்ஸும் வயலினும் செயற்கையாகக் கேட்கத் தொடங்கும்.

சேர்ந்து பாடும் இடத்தில் ஒரே ஸ்வரம் பாடலாமா, ஹார்மனி பாட வேண்டுமா?

ஒரே ஸ்வரம் பாடினால் தவறில்லை. ஹார்மனி, அதாவது ஒரே நேரத்தில் இருவரும் ஒத்துப்போகும் வேறு வேறு ஸ்வரம், பாடினால் அழகு கூடும். கர்னாடக சங்கீதம் படித்தவர்களுக்கு நான் இப்படிச் சொல்லித் தருவேன்: சங்கராபரண ஸ்வரங்களில் ஒருவர் ஸ ரி க என்று ஏறினால், மற்றவர் அதே நேரத்தில் க ம ப என்று ஏறட்டும். முதலில் வார்த்தை வேண்டாம், ஸ்வரமாகவே பாடுங்கள். அப்புறம் 'ஆ' என்று மட்டும் பாடும் அகாரம். கடைசியாகத்தான் சாகித்யம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சேர்ந்து நிற்கும் ஸ்வரத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, வேண்டாம். தனியாகப் பாடும்போது க-வை அசைத்தால் உயிர் வரும். ஆனால் கூடவே ஒருவர் ப-வில் நிற்கும்போது இவர் அசைத்தால் இரண்டும் உரசும். நன்கு படித்தவர்களுக்குத்தான் இது கஷ்டம், குரல் பழக்கத்தில் அசைந்துவிடும். நேராக நிறுத்திப் பழக ஒரு வாரம் போதும். தனியாகப் பாடும் வரிகளில் உங்கள் கமகத்தையெல்லாம் தாராளமாகப் போடுங்கள், அங்கே அது பாட்டை நம்முடையதாக்கும்.

எங்கள் வீட்டு வளவில் கச்சேரி வைத்தால் எதிரொலிக்கிறது. மெதுவான பாட்டு எடுபடுமா?

எடுபடும், ஏற்பாடு செய்தால். வளவு என்பது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி. செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு பாட்டுக்கு ஒரு பக்கம் வரம், ஒரு பக்கம் சோதனை. சுண்ணாம்பு பூசி முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல்லோ சலவைக்கல்லோ, சுற்றிலும் தேக்குத் தூண்கள். சத்தம் எதிலும் ஊறாது, மோதி மோதித் திரும்பும். நடு முற்றம் வானத்துக்குத் திறந்திருப்பதால் கொஞ்சம் வெளியே போகும். அந்த ஒரு வாசல் இல்லையென்றால் இன்னும் கஷ்டம்.

வளவின் நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டிப் பாருங்கள். தட்டின சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவு நேரம் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் படியும். பாடகர் முடித்த வரியின் வால், பாடகி எடுக்கும் வரியின் தலையில் ஏறும். டூயட்டில் இது இரட்டைத் தொல்லை.

நான் செய்வது இதுதான். பெட்டி நிறைய கிடக்கும் ஜமுக்காளங்களை எடுத்துத் தரை முழுக்க விரிக்கச் சொல்வேன். பட்டாலையில், அதாவது உயர்ந்த திண்ணையில், உட்காரும் ஆட்களும் சத்தத்தை உறிஞ்சுவார்கள், அதனால் காலி வீட்டில் ஒத்திகை பார்த்துப் பயப்பட வேண்டாம். முகப்பில் இரண்டு பெரிய ஸ்பீக்கரை வைத்து அலற விடுவதற்குப் பதில், சின்ன ஸ்பீக்கர் நாலு வைத்து, ஆட்களுக்குப் பக்கத்தில், குறைந்த சத்தத்தில் வைக்கச் சொல்வேன். மிக்சரில் எக்கோவையும் ரிவெர்பையும் முழுக்க மூடிவிடச் சொல்வேன், வீடே அதைப் போட்டுக் கொடுக்கிறது. ஆடியோக்காரர்கள் பழக்கத்தில் திறந்துவிடுவார்கள், பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும். பேஸையும் குறைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டால், அந்த வளவில் இரண்டு குரல் தாழ்ந்து பேசுகிற மாதிரி பாடும்போது வருகிற நாதம் ஏசி மண்டபத்தில் வராது. அதற்காகவே நான் வீட்டுக் கச்சேரிகளை விரும்பி ஒப்புக்கொள்கிறேன்.

மைக் எப்படிப் பிடிக்க வேண்டும்?

ஆளுக்கு ஒன்று கட்டாயம். மெதுவான தொடக்கத்தில் வாய்க்கு நாலு விரல் தூரம், உச்சத்தில் ஒரு சாண். மற்றவர் வரி வந்ததும் உங்கள் மைக்கை மார்புக்கு இறக்குங்கள், உங்கள் மூச்சு அவருடைய பாட்டில் கேட்கக் கூடாது.

பெரிய பாடகர்கள் ரெக்கார்டிங்கில் ஒன்றாக நின்றா பாடுகிறார்கள்?

ஒன்றாகவும் பாடுவார்கள், தனித்தனியாகவும் பாடுவார்கள். 'யூ டோன்ட் பிரிங் மீ ஃபிளவர்ஸ்' என்ற பாட்டை நீல் டயமண்டும் பார்பரா ஸ்ட்ரைசாண்டும் தனித்தனியே தத்தம் ஆல்பத்தில் பாடியிருந்தார்கள். சுருதி ஒன்றாக இருந்ததைக் கவனித்த வானொலிக்காரர் ஒருவர் இரண்டையும் வெட்டி ஒட்டி டூயட்டாக ஒலிபரப்பினார். நேயர்கள் கேட்டுக் கேட்டு, 1978இல் இருவரும் முறையாகச் சேர்ந்து பாட வேண்டியதாயிற்று. அது முதலிடமும் பிடித்தது. 1991இல் நடாலி கோல், பல வருடம் முன்பே காலமான தன் அப்பா நாட் கிங் கோலின் பழைய பதிவோடு தன் குரலைச் சேர்த்து 'அன்ஃபர்கெட்டபிள்' பாட்டைக் கொண்டுவந்தார்.

ஒருவர் பாடியதோடு இன்னொருவர் குரலைப் பின்னால் சேர்ப்பது நம் பக்கத்து ஆளுக்கும் பழக்கம்தான். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் 1945இல் எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில் கதாநாயகன் டி.ஆர். மகாலிங்கம் சொந்தக் குரலில் பாடினார். கதாநாயகி குமாரி ருக்மிணியின் பாட்டுகளுக்கு மட்டும் பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பிறகு சேர்த்தார்கள். அதற்கு அடுத்து மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார், 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே உருவானது. இன்று அந்த வழியாகப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தனித்தனியே பாடிப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை: இரண்டாவதாகப் பாடுகிறவர் முதல் குரலை ஹெட்போனில் நன்றாகக் கேட்டபடி பாடட்டும். இசையை மட்டும் கேட்டுப் பாடினால் இரண்டு தனிப்பாட்டுதான் கிடைக்கும்.

இருவரும் சீனியர்கள். ஒத்திகையில் யார் சொல்வதை யார் கேட்பது?

வயதும் அனுபவமும் பார்த்து மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பாட்டு விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நான் பார்த்த நல்ல ஜோடிகள் பேசிக்கொள்வது இப்படி இருக்கும்:

"அண்ணே, கடைசி வரியை நீங்க மேலே எடுத்துக்கிட்டுப் போங்க. நான் கீழேயே நிக்கிறேன்."

"சரிம்மா. அப்போ ரெண்டாவது எடுப்பு உன்னோடது. நீ இழுக்கிற வரைக்கும் நான் மூச்சு விடமாட்டேன்."

அவ்வளவுதான். பாட்டு நோட்டில் அவரவர் வரியை வேறு வேறு மையில் எழுதி, மூச்சு எடுக்கும் இடத்தில் சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்து பாடும் வரியில் இருவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் நடுவில் பள்ளம் விழும், மாற்றி மாற்றி எடுங்கள். வரியின் கடைசி எழுத்தை எத்தனை தட்டு இழுப்பது என்பதையும் பேசி வையுங்கள். ஒருவர் நிறுத்தி மற்றவர் இழுத்துக்கொண்டிருந்தால் சபைக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒருவர் சீனியர், மற்றவர் புதியவர் என்றால் சீனியர் இறங்கி வர வேண்டும். 1969இல் 'அடிமைப்பெண்' படத்துக்காக கே.வி. மகாதேவன் இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் 'ஆயிரம் நிலவே வா' பாடியபோது அவர் புதியவர், கூடப் பாடிய பி. சுசீலா ஏற்கெனவே உச்சத்தில் இருந்தவர். டைபாய்டில் படுத்த எஸ்.பி.பி. தேறி வரும் வரை எம்.ஜி.ஆர். காத்திருந்து பாட வைத்தார். பாட்டைக் கேளுங்கள். சுசீலா தன் முழு அழகையும் காட்டுகிறார், ஆனால் அந்த இளம் குரலை ஓர் இடத்திலும் சின்னதாக்கவில்லை. புதியவரோடு பாடப் போகும் ஒவ்வொரு சீனியருக்கும் நான் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

ஆங்கில பாலட் மெட்டுக்குத் தமிழில் வரி எழுதிப் பாடலாமா?

தாராளமாக. மெட்டுக்குப் பாட்டு எழுதுவதில் பேரெடுத்த கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி நமக்குப் பக்கத்து ஊர், நாம் தயங்கலாமா? ஆங்கில வரியின் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு எழுதாதீர்கள், மெட்டின் நீளத்தைப் பிடியுங்கள். நீண்டு நிற்கும் இடத்தில் ஆ, ஏ, ஓ மாதிரி வாய் திறக்கும் நெடில் வர வேண்டும். 'வா' என்றால் எட்டுத் தட்டு இழுக்கலாம், 'வந்து' என்றால் இழுக்கவே முடியாது. இருவரும் சேர்ந்து பாடும் வரியில் வல்லினம் குறைவாக இருக்கட்டும், இரண்டு பேர் 'ட்' சொல்லும் நேரம் ஒரு துளி மாறினாலும் தட்டு விழுந்த மாதிரி கேட்கும்.

வீட்டு விசேஷத்துக்கு எழுதுகிறவர்கள் மாப்பிள்ளை பெண் பெயரைத் திணிக்க நினைப்பார்கள். ஒரு தரம் போதும், அதுவும் தனிக்குரல் வரியில்.

கல்யாண வீட்டில் பாட உரிமைத்தொகை கட்ட வேண்டுமா?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்யாணத்தையும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களையும் விலக்கி வைத்திருக்கிறது. அங்கே பாடலாம். டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரி வேறு, பாடியதை யூடியூபில் ஏற்றுவதும் வேறு. அவற்றுக்கு அனுமதி தேவைப்படும்.

எந்தப் பாட்டைத் தவிர்க்க வேண்டும்?

வரிகளைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன டயமண்ட், ஸ்ட்ரைசாண்ட் பாட்டு கேட்க அவ்வளவு இனிமை, ஆனால் அன்பு வற்றிப்போன தம்பதி பாடுவது. மணமேடையில் அதைப் பாடலாமா? இசை மெதுவாக, இனிமையாக இருக்கிறது என்பதற்காகப் பிரிவுப் பாட்டைப் பாடுகிறவர்கள் நிறைய. ஆங்கிலம்தானே, யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்ந்த ஆச்சிமார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மணிவிழாவுக்கு எது பொருத்தம் என்று கேட்டால், பெரியவர்கள் இளவயதில் கேட்ட டி.எம். சௌந்தரராஜன், சுசீலா டூயட்களைத்தான் சொல்வேன். அறுபது வயதுத் தம்பதி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது அந்த அப்பச்சியும் ஆத்தாவும் முகம் மாறுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

நிகழ்ச்சியில் டூயட்டை எப்போது வைக்கலாம்?

முதல் பந்தி நடக்கும்போது வேண்டாம். பாதி வீடு இரண்டாம் கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், வாளிச் சத்தமும் பரிமாறுகிறவர்கள் குரலும் வளவு வரை வரும். வேகமான பாட்டுகளை அப்போது பாடிவிடுங்கள். பெரியவர்கள் சாப்பிட்டு வந்து தாம்பூலம் போட்டு உட்கார்ந்ததும் டூயட்டை எடுங்கள். எடுக்குமுன் வீடியோக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பாடுகிற இருவருக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டாம் என்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தால்தான் எடுப்பு சரியாக வரும்.